ஊஃபருக்கு ஊட்டம்... ஆம்ப்ளிஃபயருக்குக் காய்ச்சல்!

ராத்திரி பத்தரை மணிக்குத் தெருமுனையில் ஒரு கார் திரும்பும். பாட்டு காதில் விழாது. 'டும்... டும்...' என்று ஒரு சத்தம் மட்டும் தரை வழியாக நடந்து வந்து, உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உலுக்கிவிட்டுப் போகும். சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். 'யாரு பெத்த புள்ளையோ!' என்று பாட்டி முனகுவார். அந்தப் புள்ளை வேறு யாருமில்லை, காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேனேஜர் முன்னால் மூச்சுகூட விடாமல் நிற்கும் நம்ம ஆள்தான். பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தவனுக்கு ராத்திரியாவது கொஞ்சம் சத்தம் வேண்டாமா? எனக்கு அனுதாபம்தான்!

ஆனால் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரம் பாருங்கள். முதலில் ஒரு ஊஃபர் வாங்குவார்கள். பிறகு அது 'பத்தலை' என்பார்கள். பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவார்கள். கடைக்காரரிடம் அவர்கள் கேட்கிற ஒரே கேள்வி, "எத்தனை வாட்ஸ் ப்ரதர்?" அந்த வாட்ஸ் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்தது பி.காம். ஓம் விதியை நான் பரீட்சைக்குப் படித்ததில்லை. ஆனால் வரவு செலவு தெரியும். கார் ஆம்ப்ளிஃபயரைப் புரிந்துகொள்ள அது போதும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

கணக்கு சுலபம். பேட்டரியிலிருந்து வருவது வரவு. ஊஃபருக்குப் போவது ஒரு செலவு. மிச்சம் முழுவதும் இன்னொரு செலவு. அதன் பெயர் சூடு. மூன்றாவது பத்தி கிடையாது. 'இதர செலவுகள்' என்று எழுதி மறைக்கவும் முடியாது.

உதாரணத்துக்கு, ஊஃபருக்கு 400 வாட்ஸ் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். பழைய 'கிளாஸ் ஏபி' ரக ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆசாமி. 400 வாட்ஸ் பாட்டு தர 800 வாட்ஸ் வாங்கும். மீதி 400 சூடு. உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட்ஸ் என்றால், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான சூட்டை டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே சூட்கேஸையும் சாய்த்து வைத்திருக்கிறீர்கள்! இப்போது ஊஃபர்களுக்கென்று வருகிற 'கிளாஸ் டி' ரகம் கொஞ்சம் சிக்கனக்காரர். நூற்றுக்கு எண்பது, அதற்கு மேலும் பாட்டுக்குத் தருவார். அதே 400 வாட்ஸுக்கு 500 வாங்கினால் போதும். சூடு 100 வாட்ஸ்தான்.

பேட்டரி பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதை. இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். ஏபி ரகம் 57 ஆம்பியர் இழுக்கும். டி ரகம் 36 ஆம்பியர். சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் மொத்தமே 60 முதல் 90 ஆம்பியர் வரைதான் தரும். அதுவும் சிக்னலில் நிற்கும்போது இன்னும் குறைவு. ஏ.சி., ஹெட்லைட், வைப்பர் எல்லோரும் அதில்தான் பங்கு கேட்க வேண்டும். 'டும்' அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் கண் சிமிட்டுகிறதே, அது ரசித்துத் தாளம் போடுவதாக நினைக்காதீர்கள். 'ஐயா, சம்பளம் பத்தலை' என்று அழுகிறது.

"பாட்டு என்ன எப்பவும் முழு வேகத்திலயா ஓடுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேஸ் விட்டு விட்டுத்தான் வரும். சராசரி இதைவிடக் குறைவுதான். ஆனால் ஏபி ரகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முழு சக்தியில் ஓடும்போதைவிட, கிட்டத்தட்ட 40 சதவிகித சக்தியில் ஓடும்போதுதான் அது அதிகமாகச் சுடும். 'பாதி சத்தம்தானே வெச்சேன், ஏன் இப்படிக் கொதிக்குது?' என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

சரி, அட்டைப்பெட்டி மேல் '2000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறானே? அதைச் சரிபார்க்க ஒரு ஆடிட்டர் வித்தை சொல்கிறேன். பெட்டியை விடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 என்று ஒரே ஒரு ஃப்யூஸ் இருந்தால், தொடர்ந்து உள்ளே போகக்கூடியது 30 ஆம்பியர். 14 வோல்ட்டால் பெருக்கினால் 420 வாட்ஸ். மொத்த வரவே அவ்வளவுதான்! அதில் 80 சதவிகிதம் வெளியே வந்தாலும் 336. 420 ரூபாய் வருமானத்தில் 2000 ரூபாய் செலவு செய்கிற வித்தை நம் வீடுகளில் மாதா மாதம் நடக்கலாம், மின்சாரத்தில் நடக்காது.

இந்தப் புளுகைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 2003-ல் 'சி.இ.ஏ. 2006' என்று ஒரு தர அளவை கொண்டு வந்தார்கள். 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்த நிபந்தனையில் அளந்த வாட்ஸைத்தான் போட வேண்டும் என்று ஏற்பாடு. கம்பெனிகள் விருப்பப்பட்டுச் சேரும் ஏற்பாடுதான். ஆனால் அந்த முத்திரையோ, 'ஆர்.எம்.எஸ்.' என்ற வார்த்தையோ இருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள். 'பீக்', 'மாக்ஸ்' என்று போட்டிருந்தால் அது கல்யாண மார்க்கெட்டில் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம் மாதிரி!

இன்னொரு ரகசியமும் கேளுங்கள். 300 வாட்ஸை 600 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஏறுவது 3 டெசிபெல். 'கொஞ்சம் கூடியிருக்கு போல' என்று காது சொல்லும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ, சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். காசு இரண்டு மடங்கு, சூடு இரண்டு மடங்கு, சந்தோஷம் மட்டும் ஒரு சிட்டிகை!

* * *

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு அக்கறையாகக் கணக்குப் போட்டேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் விழுப்புரத்தில் ஒரு வளைகாப்பு. மச்சானின் காரில் கிளம்பினோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வங்கி உத்தியோகம். போனஸ் வந்த கையோடு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயரும் ஊஃபரும் மாட்டியிருந்தான். ஒயரிங் முழுக்க அன்று மதியம் ஒண்ணரை மணி நேரத்தில் முடிந்ததாம். அதையே பெருமையாகச் சொன்னான்.

செங்கல்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. பின் ஸீட்டில் என் மாமியார், மனைவி, மடியில் தூங்கிக்கொண்டிருந்த என் நாலு வயது மகள்.

"யாரோ வயல்ல டயரைக் கொளுத்தறாங்க. கண்ணாடிய ஏத்துப்பா" என்றார் மாமியார். கண்ணாடியை ஏற்றினால் வாசனை அதிகமாயிற்று!

மச்சான் ஓரங்கட்டினான். அவன் காலடி மேட்டிங்குக்குக் கீழிருந்து மெல்லிசாய்ப் புகை. சாவியை அணைத்தான். பாட்டு நின்றது. புகை நிற்கவில்லை. "என்ன மாமா, ஆஃப் பண்ணிட்டேனே... ஏன் நிக்கலை?" என்று அவன் கேட்டபோது குரல் நடுங்கியது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடினேன். பின்னால் வந்த லாரி டிரைவர் ஒருவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஸ்பேனரோடு ஓடிவந்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார், பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வீசினார். புகை அடங்கியது. மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கலாம். எங்களுக்கு அது ஒரு வருஷம். மகள் கண்ணைத் திறந்து, "ஊர் வந்துடுச்சாப்பா?" என்றாள்.

மறுநாள் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் மேட்டிங்கைப் பிரித்துக் காட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் சுண்டுவிரல் கனத்தில் ஒயர். வெட்டிப் பார்த்தால் உள்ளே கம்பி என்னவோ பென்சில் முனை கனம்தான், மீதி ரப்பர். அந்தக் கம்பியும் தாமிரம் இல்லை, தாமிரம் பூசிய அலுமினியம். இன்ஜின் பக்கத்திலிருந்து காருக்குள் வருகிற தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ் கிடையாது. தகட்டின் விளிம்பு ஒயரை உரசி உரசித் தோலுரித்து, உள்ளே கம்பி பாடியில் பட ஆரம்பித்திருக்கிறது.

"ஆம்புலதான் ஃப்யூஸ் இருக்கேண்ணே?" என்றான் மச்சான்.

"ஃப்யூஸு ஆம்புக்கு இல்ல தம்பி, ஒயருக்கு" என்றார் அவர். "நீ டிக்கியில ஃப்யூஸ் வெச்சா, பேட்டரியிலேர்ந்து டிக்கி வரைக்கும் அந்த ஒயரை யாரு காப்பாத்துவாங்க?"

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர் சாவி வழியாகப் போவதில்லை. நேரடி பாக்கி. சாவியை அணைத்தாலும் அதில் மின்சாரம் உண்டு. கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். அதனால்தான் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒன்றரை அடிக்குள், ஒரு ஃப்யூஸ் கட்டாயம் என்கிறார்கள். ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்குமோ அதற்கு மேல் போகாத ஃப்யூஸ். அன்று எங்கள் காரில் இல்லாமல் போனது இரண்டு சாமான். ஒரு ஃப்யூஸ், ஒரு ரப்பர் புஷ். புஷ்ஷின் விலை இரண்டு டீக்கு மேல் இருக்காது.

அன்றுதான் எனக்கு உறைத்தது. சூடு ஆம்ப்ளிஃபயரில் மட்டும் உண்டாவதில்லை. ஒயரிலும் உண்டாகும். 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர், நீளம் 5 மீட்டர், அதில் 57 ஆம்பியர் போனால் ஒயரிலேயே சுமார் 70 வாட்ஸ் சூடாகிப் போகும். வோல்டேஜும் 1.2 குறையும். அதுவே 16 ஸ்கொயர் எம்.எம். என்றால் சூடு 18 வாட்ஸுக்குள் அடக்கம். அலுமினியக் கலப்பு ஒயர் என்றால் தாமிரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும். அதற்கேற்பக் கனம் கூட வேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரின் சூடு நாலு மடங்கு ஆகும். கந்து வட்டிக்காரன்கூட இவ்வளவு வேகமாக ஏற்ற மாட்டான்!

லூஸ் கனெக்ஷன் இன்னும் மோசம். சரியாக முறுக்காத ஒரு ஸ்க்ரூவில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 40 ஆம்பியர் போனால் அந்தச் சுண்டுவிரல் நுனி இடத்தில் 80 வாட்ஸ் சூடு. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அதில் மூன்றைச் சேர்த்துப் பிடித்த மாதிரி! எர்த் ஒயரை பெயின்ட் மேலேயே முறுக்கிவிட்டுப் போவது இந்த ரகம்தான். பெயின்ட்டைச் சுரண்டி, தகடு தெரிய வைத்து, லக் போட்டு இறுக்க வேண்டும்.

* * *

ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது? பெரும்பாலும் முன் ஸீட்டுக்கு அடியில் செருகி, மேட்டிங்கைப் போர்த்திவிடுவார்கள். ஜுரம் வந்தவனுக்குக் கம்பளி போர்த்துவது சரி, ஆம்ப்ளிஃபயருக்குச் சரியில்லை. உடம்பில் விலா எலும்பு மாதிரி வரி வரியாக இருக்கிறதே ஹீட் சிங்க், அது அழகுக்கு வைத்ததல்ல. காற்றுபட வைத்தது. நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் இடம் விடுங்கள். தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். சூடு மேலே ஏறி ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே திரும்பும். ஊஃபர் பெட்டி மேல் திருகி வைப்பதும் வேண்டாம். அதிர்கிற அதிர்ச்சியில் ஸ்க்ரூ லூஸாகும். லூஸானால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்தோம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னை 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரியைப் பார்த்த ஊர். வெளியே சாதாரணமாக 38 என்றாலே, வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 55-ஐத் தாண்டிவிடும். சூடு தண்ணீர் மாதிரி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஹீட் சிங்க் 70 டிகிரி, சுற்றியுள்ள காற்று 30 என்றால் 40 டிகிரி சரிவு. காற்றே 55 என்றால் சரிவு 15-தான். அப்புறம் அது எப்படி ஆறும்? அதனால் ஆபீஸ் விட்டு வந்ததும் கண்ணாடியை இறக்கி, ஏ.சி. போட்டு, பத்து நிமிஷம் மெல்லிசை கேளுங்கள். பிறகு குத்துப்பாட்டு!

டிக்கி தனியாக உள்ள கார்களில் ஏ.சி. காற்று அங்கே எட்டாது. கம்ப்யூட்டரில் இருக்குமே, 12 வோல்ட் குட்டி ஃபேன், அதில் ஒன்றை ஹீட் சிங்க் வரிகளின் நீளவாக்கில் காற்று போகிற மாதிரி வையுங்கள். இரண்டு மூன்று வாட்ஸ்தான் சாப்பிடும். ஆனால் அதை ரிமோட் ஒயரில் நேராகக் கொடுக்காமல் ஒரு ரிலே வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சூடு எல்லை மீறினால் நல்ல ஆம்ப்ளிஃபயர் தானே மூச்சை நிறுத்திக்கொள்ளும். பாட்டு நின்றதும் 'கம்ப்ளெய்ன்ட்' என்று கடைக்கு ஓடுகிறோம். அது கம்ப்ளெய்ன்ட் இல்லை, சிக் லீவ்! ஏன் லீவ் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, காற்றில்லை. இரண்டு, இரண்டு ஓம் வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் ஊஃபர்களை இணையாக மாட்டி ஒரு ஓம் ஆக்கியிருப்பார்கள். ஓம் பாதியானால் கரண்ட் இரட்டிப்பாகும்.

மூன்றாவது, 'கெய்ன்' திருகு. இதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறோம். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் பார்க்கிற திருகு அது. அளவு மீறினால் ஒலி அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை அலை ஊஃபரின் காயிலையும் சேர்த்துப் பொசுக்கும். பக்கத்திலேயே 'பேஸ் பூஸ்ட்' என்று ஒரு திருகு. அதில் 6 டெசிபெல் கூட்டினால் அந்த இடத்தில் நாலு மடங்கு சக்தி கேட்கிறீர்கள் என்று அர்த்தம். இனாமாகக் கிடைப்பதாக நினைத்து ஏற்றாதீர்கள்.

'ஒரு ஃபாரட் கபாசிட்டர் போட்டுட்டா லைட் மங்காது சார்' என்று ஆசை காட்டுவார்கள். அதில் மொத்தமாகத் தங்குவது சுமார் 100 ஜூல். 500 வாட்ஸை ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஓட்டத்தான் அது காணும். மேஜை டிராயரில் இருக்கும் சில்லறையை நம்பி வீட்டு லோன் கட்ட முடியுமா? வருமானத்தைக் கூட்டுவது ஆல்டர்னேட்டர்தான். அதற்கு முன்னால் செலவைக் குறையுங்கள்.

பிராண்டு மோகத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் என்ற கார் ஆடியோ நிபுணர் 10,000 டாலர் பந்தயம் வைத்தார். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைச் சம சத்தத்தில், சமமாக ட்யூன் செய்து, இரண்டின் எல்லையையும் மீறாமல் ஓட்டுவார். எது எது என்று காதால் மட்டும் கேட்டுத் திரும்பத் திரும்பச் சரியாகச் சொன்னால் பரிசு. வருஷக்கணக்கில் எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து பார்த்தும் பணம் அவரிடமே இருந்தது. எல்லை மீறாத வரை காதுக்கு வித்தியாசம் அவ்வளவு சின்னது. அதனால் ஸ்டிக்கருக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை ஒயருக்கும் ஃப்யூஸுக்கும் கொடுங்கள்.

மச்சான் முதலில், "மாமா, இதைத் தூக்கிப் போட்டுட்டு ஆயிரம் வாட்ஸா போட்டுடலாமா?" என்றுதான் கேட்டான். உட்கார வைத்து வரவு செலவு எழுதிக் காட்டினேன். வங்கிக்காரன், புரிந்துகொண்டான். அதே 400 வாட்ஸில் டி ரக ஆம்ப்ளிஃபயர், 16 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர், பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ், ஓட்டைக்கு ரப்பர் புஷ். ஒரு மணி நேரம் பாட்டு ஓடிய பிறகும் ஆம்ப்ளிஃபயர் மேல் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறது. ஹெட்லைட்டும் அழுவதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து உள்ளே போகிற தடித்த ஒயரைப் பாருங்கள். ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா? தகட்டு ஓட்டையில் ரப்பர் இருக்கிறதா? அரை மணி பாட்டு ஓட்டிவிட்டு ஒயரையும், லக்குகளையும், ஆம்ப்ளிஃபயரையும் தொட்டுப் பாருங்கள். எங்கே கை சுடுகிறதோ அங்கேதான் உங்கள் காசு எரிகிறது.

அடுத்த முறை கடைக்குப் போனால் "எத்தனை வாட்ஸ்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சூடு எங்கே போகும் சார்?" என்று கேளுங்கள். உட்கார வைத்து விளக்கம் சொல்பவரிடம் காரைக் கொடுங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு, ஹம் பண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுங்கள்!